கல்யாணத்துக்கு முன் வாங்கிய கையெழுத்து ஜீவனாம்சத்தைத் தடுக்குமா?

கேள்வி: திருமணத்துக்கு நான்கு நாள் முன்பு, மாப்பிள்ளை வீட்டார் 100 ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். விவாகரத்து ஆனால் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன், போட்டு வரும் நகையிலும் உரிமை கோர மாட்டேன் என்று எழுதியிருந்தது. ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. அப்பா கெஞ்சியதால் கையெழுத்துப் போட்டேன். இப்போது கணவர் விவாகரத்து மனுவோடு அதையும் இணைத்திருக்கிறார். தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளம் வாங்குகிறேன். எனக்கு எதுவுமே கிடைக்காதா?
- வாசகி, கோவை

பதில்: கிடைக்கும். அந்தத் தாளைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

கோவாவில் போர்ச்சுகீசியர் காலச் சிவில் சட்டப்படி திருமண முன் ஒப்பந்தம் செல்லும். உங்களுக்குப் பொருந்தும் இந்து திருமணச் சட்டத்தில் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. ஜீவனாம்ச உரிமையை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது பொதுக் கொள்கைக்கு விரோதம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி செல்லாது. நீதிமன்றங்கள் இதைப் பலமுறை சொல்லியிருக்கின்றன. நோட்டரி முத்திரை இருந்தாலும் இது மாறாது. நீங்கள் சம்பாதிப்பதும் தடையில்லை, தொகை குறையலாம், அவ்வளவுதான்.

நகை விஷயத்தில் அவர்கள் நிலைமை இன்னும் மோசம். பிறந்த வீட்டில் போட்ட நகை உங்கள் சீதனம், உங்களுக்கு மட்டுமே சொந்தம். அதை விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக உங்களுக்கு என்ன கிடைத்தது? பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. கல்யாணம் செய்துகொண்டதே பிரதிபலன் என்று அவர்கள் சொன்னால், கல்யாணத்துக்காக நகை கேட்டதாக அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அப்போது 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தை வைத்து உங்கள் வக்கீல் வலுவாக வாதாடலாம். நகைக்கடை ரசீது, கல்யாண ஆல்பம் இரண்டையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

கையெழுத்து வாங்கிய விதமும் முக்கியம். முத்திரைத்தாள் வாங்கிய தேதி, மண்டப ரசீது, அந்த வார வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் நெருக்கடியைக் காட்டும் சாட்சியங்கள். ஆனால் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்றால், படிக்கவே இல்லை என்று சொல்லாதீர்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பொய் மற்ற உண்மைகளையும் கெடுத்துவிடும்.

கணவரின் மனுவுக்கு நீங்கள் தாக்கல் செய்யும் பதிலான எதிருரையில், ஒப்பந்தம் ஏன் செல்லாது என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிட்டு மறுக்க வேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். கூடவே இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடுங்கள். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இருவருமே வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். கணவர் பெயரிலுள்ள வீட்டில் பாதி தானாக வந்துவிடாது. ஆனால் நிரந்தர ஜீவனாம்சத்தை முடிவு செய்யும்போது அதன் மதிப்பும் கணக்கில் வரும்.

அப்புறம் ஒன்று. வழக்கு நடக்கும்போது பரஸ்பர சம்மதத்தில் பிரியலாம் என்று கணவர் தரப்பு புதிதாக ஒரு சமரசப் பத்திரம் கொண்டு வரலாம். நீதிபதி முன்னிலையில் ஏற்றுக்கொண்ட சமரசத்தை உடைப்பது மிகவும் கடினம். உங்கள் வக்கீல் வரிக்கு வரி படித்துச் சொல்லும்வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.