பேக்ஹோவின் இணைப்புப் பின் (pin) கழலாமல் இறுகியிருப்பது குறித்து

வணக்கம் ஐயா. சிறிய டிராக்டரிலிருந்து பேக்ஹோவை (பின்புறம் பொருத்தும் மண் தோண்டும் கருவியை) கழற்றும்போது, அதை டிராக்டரோடு பிணைக்கும் இடப்பக்கத்துப் பின் மட்டும் சுத்தியலால் தட்டியும் அசையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் பேக்ஹோவின் எடை அந்தப் பின்மீது இன்னும் தொங்குவதே காரணம். ஆகவே தயவுசெய்து மேலும் தட்ட வேண்டாம். சமமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, இருபக்கத் தாங்குகால்களையும் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். துளைகள் நேர்ப்பட்டதும் பின் கையாலேயே சுழலும் அளவுக்குத் தளர்ந்துவிடும். பேக்ஹோ தரையில் முழுமையாக அமர்ந்ததும் எஞ்சினை அணைத்து, நெம்புகோல்களை எல்லாத் திசையிலும் அசைத்து எண்ணெய் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே ஹோஸ்களை (எண்ணெய்க் குழாய்களை) கழற்றுங்கள். பெரும்பாலான மாடல்களில் டிராக்டர் பக்கத்து இரு ஹோஸ் இணைப்புகளையும் உடனே ஒன்றோடொன்று சேர்த்துவிட வேண்டும். எண்ணெய் திரும்பும் வழி அடைபட்ட நிலையில் எஞ்சினை இயக்கினால் பம்ப் பழுதாகக்கூடும். எஞ்சின் ஓடும்போது டிராக்டருக்கும் பேக்ஹோவுக்கும் இடையில் எவரையும் நிற்க விடாதீர்கள்.