பல டேக்குகளை (ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்த பதிவுகளை) வெட்டி ஒட்டி ஒரு ராக் பாட்டை உருவாக்குவது ஏமாற்று வேலைதானே?

இல்லை. சின்ன ஸ்டூடியோ ஒன்றில் ராக் குழுக்களின் பாட்டுகளை எடிட் செய்து மிக்ஸ் செய்வதுதான் என் வேலை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டைப் போட்டுக் காட்டுவேன். 1966 கடைசியில் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் அதை இரண்டு விதமாகப் பதிவு செய்தார்கள். ஒன்று மெதுவானது, இன்னொன்று டிரம்பெட்டும் செல்லோவும் சேர்ந்து வேகமானது. பாட்டை எழுதிப் பாடிய ஜான் லெனனுக்கு முதலாவதின் தொடக்கமும் வேண்டும், அடுத்ததின் முடிவும் வேண்டும். இரண்டுக்கும் வேகமும் வேறு, சுருதியும் வேறு! தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் டேப் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சுருதி சேர்த்து, வெட்டி ஒட்டினார்கள். பாட்டு தொடங்கி ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு வருகிறது. ஹெட்ஃபோனில் கேளுங்கள், லெனனின் குரல் அங்கே சட்டென்று கனத்துப்போகும். அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்களுக்குப் பெரிய பாடு டிரம்ஸ்தான். கிக், ஸ்னேர், டாம் என்று ஒவ்வொரு டிரம்முக்கும் ஒன்று, மேலிருந்து மொத்தத்தையும் பிடிக்கும் ஓவர்ஹெட் என்று 8, 10 மைக் இருக்கும். ஒவ்வொரு மைக்கின் பதிவும் ஒரு தனி டிராக். எல்லா டிராக்கையும் ஒரே இடத்தில் வெட்ட வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்தினால் ஃபேஸ் கெட்டு, அதாவது ஒலி அலைகள் ஒன்றோடொன்று ஒத்துவராமல், ஸ்னேர் சோகையாகிவிடும். கிராஷ் சிம்பலை அடித்து அதன் ஒலி இழைந்துகொண்டிருக்கும்போது நடுவில் வெட்டினால் குழந்தைக்குக்கூடத் தெரியும். அடுத்த பலமான அடிக்குச் சற்று முன்னால் வெட்டி, 5 முதல் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் (ஒன்று மங்கும்போதே அடுத்தது எழுவது) கொடுத்தால் அந்த அடியே வெட்டை மறைத்துவிடும்.

வெட்டி ஒட்டி வராததும் உண்டு. இடதும் வலதும் கிட்டார் விரிந்து கேட்க வேண்டுமானால் இரண்டு தடவை வாசித்தே ஆக வேண்டும். ஒரே வாசிப்பை நகலெடுத்து இருபுறமும் வைத்தால் அது நடுவில்தான் கேட்கும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவின் பாட்டில் எல்லா அடிகளையும் இரண்டு இரவு உட்கார்ந்து கிரிட்டில், அதாவது கணினி காட்டும் துல்லியமான தாளக் கோடுகளில், நிறுத்தினேன். டிரம்மர் தம்பி கேட்டுவிட்டு, "அண்ணே, இது நான் வாசிச்சதே இல்லையே" என்றான். கோரஸுக்குள் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதிக்குள்) போகும்போது அவன் ஒரு மயிரிழை முந்துவான். பாட்டு எழும்பியதே அந்த முந்தலால்தான். அதைத்தான் நான் நசுக்கியிருந்தேன். பழைய ஃபைலைத் திறந்து, தடுமாறிய இரண்டு ஃபில்களுக்கு (ஒரு பகுதியிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது வாசிக்கும் சின்ன உருட்டல்களுக்கு) மட்டும் வேறு டேக்கிலிருந்து எடுத்து வைத்தேன். மற்றதெல்லாம் அவன் வாசித்தபடியே வெளியானது.