வெள்ளையணுவும் பெராக்சைடும்: கேள்வி பதில்

கேள்வி: ஆன்ட்டிஆக்சிடன்ட் என்றாலே நெல்லிக்காய், கிரீன் டீ என்கிறார்கள். நம் உடம்பே தயாரிப்பதும் உண்டா?

பதில்: நிறைய. புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் குபுகுபுவென்று நுரைக்கிறதே, அது பெராக்சைடை உடைத்து அணைக்கும் கேட்டலேஸ் என்ற ஆன்ட்டிஆக்சிடன்ட் புரதத்தின் வேலை.

கேள்வி: கிருமியைக் கொல்ல வெள்ளையணுவே பெராக்சைடு தயாரிக்குமாம். அப்புறம் எதற்கு அதை அணைக்கும் புரதம்?

பதில்: இப்படிக் கேளுங்கள்! கொல்வது பாதிக் கதைதான். டி செல் என்ற வகை வெள்ளையணு எதிரியை அடையாளம் கண்டதும் தனக்குள் துளி பெராக்சைடு உண்டாக்கும். 'கிளம்பு' என்ற சமிக்ஞையை அமுக்கி வைக்கும் பாஸ்பேட்டேஸ் நொதிகள் அது பட்டதும் சற்று நேரம் முடங்கும். சமிக்ஞை உள்ளே பாயும். மிச்சத்தைப் பெராக்சிரெடாக்சின் என்ற புரதம் துடைக்கும். துடைக்காவிட்டால்? தயோரெடாக்சின் என்ற புரதம் ஏஎஸ்கே1 என்ற நொதியைப் பிடித்து வைத்திருக்கிறது. பெராக்சைடு மிஞ்சினால் பிடி நழுவும், ஏஎஸ்கே1 செல்லைத் தற்கொலைக்குத் தள்ளும். 1998இல் ஜப்பானில் கண்டது இது.

கேள்வி: அப்போ ஆன்ட்டிஆக்சிடன்ட் மாத்திரை போட்டால் எதிர்ப்புச் சக்தி கூடும்தானே?

பதில்: இல்லை. அந்தத் துளி பெராக்சைடும் வேண்டும். வாங்காதீர்கள்.

கேள்வி: வைட்டமின் ஈ எத்தனை மில்லிகிராம் போடலாம்?

பதில்: இதற்கு முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: செல்லின் சவ்வுக் கொழுப்பைக் காக்கும் ஜிபிஎக்ஸ்4 என்ற புரதம் இல்லாத டி செல்களை வைட்டமின் ஈ காப்பாற்றியதாக 2015 ஆய்வு இருக்கிறதே. ஒரேயடியாக மறுக்கலாமா?

பதில்: படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். அந்த எலிகளின் டி செல்லில் ஜிபிஎக்ஸ்4 மரபணுவையே எடுத்துவிட்டார்கள். சவ்வுக் கொழுப்பு கெட்டு, செல் ஃபெராப்டோசிஸ் என்ற வகைச் சாவில் செத்தது. ஓடு பறந்த வீட்டுக்குத் தார்ப்பாய் உதவும். உங்கள் கூரை பத்திரமாக இருக்கிறதே!

கேள்வி: கூரைமேல் தார்ப்பாய் இருந்தால் நஷ்டமா?

பதில்: அமெரிக்கா, கனடாவில் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த சோதனையில், வைட்டமின் ஈ மட்டும் தின்றவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதல்.

கேள்வி: அது புரோஸ்டேட். பேச்சு டி செல்லைப் பற்றி.

பதில்: ஒப்புக்கொள்கிறேன், அது வேறு உறுப்பு. ஆனால் 'நஷ்டமா' என்று கேட்டது நீங்கள்.

கேள்வி: என் மகனுக்கு அடிக்கடி சீழ்க்கட்டி. ஆன்ட்டிஆக்சிடன்ட் குறைவா?

பதில்: தலைகீழாகவும் இருக்கலாம். வெள்ளையணு பெராக்சைடு தயாரிக்கவே முடியாத பிறவிக் குறை ஒன்று உண்டு. டிஎச்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். இங்கே காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போகிற வழியில் மாத்திரை வாங்காதீர்கள்.