கோடிங் செய்ய வந்தவளிடம் புகார் மெயில்களா?

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எட்டே பேர் வேலை செய்யும் ஒரு ஸ்டார்ட்அப்பில் இன்டர்னாகச் சேர்ந்திருக்கிறேன். கோடிங்குக்குத்தான் எடுத்தார்கள், ஆனால் பாதி நாள் வாடிக்கையாளர்களின் புகார் மெயில்களுக்குப் பதில் எழுதுவதிலேயே போய்விடுகிறது. பெரிய கம்பெனிகளுக்குப் போன தோழிகளுக்கு மென்ட்டர், பயிற்சி வகுப்பு எல்லாம் இருக்கிறது. தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனா?

பதில்: பாதி நாள் என்று எழுதியிருப்பதால் தைரியமாகச் சொல்கிறேன், தப்பான இடம் இல்லை. முழு நாளும் அதுவே என்றால் வேறு மாதிரிதான் பதில் சொல்லியிருப்பேன்.

எட்டுப் பேர் இருக்கிற இடத்தில் பயிற்சித் துறை என்று ஒன்று இருக்காது. உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால் யாரோ ஒருவர் தன் வேலையை நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும், அதனால் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லித்தருவார்கள் என்று காத்திருந்தால் இன்டர்ன்ஷிப்பே முடிந்துவிடும். ஆனால் அந்தச் செயலியைப் பயன்படுத்துகிறவர் எங்கே திணறுகிறார் என்பது உங்கள் இன்பாக்ஸுக்கே வருகிறதே, அது உங்கள் தோழிகளுக்கு லேசில் கிடைக்காது. பெரிய கம்பெனியில் அந்த மெயிலை ஒரு குழு படிக்கும், இன்னொரு குழு வகை பிரிக்கும், பிராடக்ட் மேனேஜர் முடிவெடுப்பார், கடைசியில் டெவலப்பருக்கு "இந்தப் பட்டனை மேலே மாற்று" என்று ஒரு டிக்கெட், அதாவது வேலைக் குறிப்பு, வரும். ஏன் மாற்ற வேண்டும் என்பது பல நேரம் வழியிலேயே தொலைந்துபோயிருக்கும்.

பதில் போடும் ஒவ்வொரு மெயிலையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு வரியாகக் குறித்துவையுங்கள்: என்ன பிரச்சினை, எந்தத் திரையில், ஆப்பிலா பிரவுசரிலா. கொஞ்ச நாளில் ஒரே புகார் சுற்றிச்சுற்றி வருவது கண்ணில் படும். ஓடிபி வரவில்லை என்று பத்துப் பேர் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கும் "மீண்டும் முயற்சி செய்யவும்" என்று அனுப்பலாம். அல்லது சர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாக் ஃபைலைத் திறந்து, நம் சர்வரிலிருந்து அந்த எஸ்எம்எஸ் கிளம்பவே இல்லையா, கிளம்பிய பிறகு எங்காவது சிக்கியதா என்று பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு "நானே சரிசெய்யட்டுமா?" என்று போய் நின்றால் வேண்டாம் என்று சொல்கிற நிறுவனரை நான் பார்த்ததில்லை. (ஆர்வக்கோளாறில் நேராக, வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் புரொடக்‌ஷனில் கைவைத்துவிடாதீர்கள். முதலில் தனி பிராஞ்ச், அதாவது கோடின் தனி நகல், பிறகு இதைச் சேர்க்கலாமா என்று கேட்கும் புல் ரிக்வெஸ்ட், யாராவது ஒருவர் ரிவ்யூ செய்த பிறகு மூலக் கோடோடு மெர்ஜ். வார விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் வேண்டவே வேண்டாம், உடைந்தால் சரிசெய்ய ஆள் இருக்காது.)

இத்தனைக்குப் பிறகும் மெயில்தான் என்றால், ஒரு சின்ன ஃபீச்சரை, அதாவது செயலியில் ஒரு புது வசதியை, ஆரம்பம் முதல் வெளியாகும்வரை என்னிடம் விடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மழுப்பினால் அங்கே உங்களை எதற்கு எடுத்தார்கள் என்பது புரிந்துவிடும்.

கேள்வி: நான் வாரக்கணக்கில் உழைத்துச் செய்த ஃபீச்சரைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கம்பெனியே இனி வேறு திசையில் போகப் போகிறதாம். வெறுப்பாக இருக்கிறது.

பதில்: இருக்கத்தான் செய்யும். ஸ்டார்ட்அப் உலகில் இதற்கு பிவட் என்று பெயர் வைத்துப் பெருமையாகவே பேசுவார்கள். இன்ஸ்டாகிராம் முதலில் பர்பன் என்ற செயலியாக இருந்தது, நாம் போகிற இடங்களைப் பதிவு செய்வதுதான் அதில் முக்கியம். ஆனால் மக்கள் அதில் படம் பகிர்வதைத்தான் விரும்பினார்கள் என்று தெரிந்ததும் மற்றவற்றையெல்லாம் வெட்டிவிட்டு 2010-ல் இன்ஸ்டாகிராமாக வெளியிட்டார்கள். அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் ஸ்லாக் செயலியின் கதையும் இப்படித்தான். கிளிட்ச் என்ற ஆன்லைன் விளையாட்டைச் செய்த கம்பெனி அது, விளையாட்டை 2012-ல் மூடிவிட்டார்கள், ஆனால் வேலைக்கு நடுவே தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கி வைத்திருந்த கருவிதான் ஸ்லாக்காக நிலைத்துவிட்டது. ஜெயித்தவர்கள் கதை என்பதால் நாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், திசை மாற்றியும் மூடிப்போன கம்பெனிகள் ஏராளம்.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, எதைப் பார்த்து இந்த முடிவை எடுத்தார்கள் என்பதுதான். முதல் வாரம் வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதமும் திரும்பி வந்தார்கள் என்ற கணக்கைக் காட்டினால், உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள், கல்லூரியில் இதை யாரும் சொல்லித்தரப் போவதில்லை. முதலீட்டாளர் ஒருவர் போனில் ஏதோ சொன்னார் என்பதுதான் காரணம் என்றால், சரி, அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதே. கூடவே ரன்வே எவ்வளவு என்று கேளுங்கள். கையிருப்புப் பணத்தை, மாதாமாதம் வரவுக்கு மேல் ஆகும் செலவால் வகுத்தால் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று வந்துவிடும். அது குறையக் குறைய முடிவுகளில் அவசரம் கூடும், உங்கள் ஃபீச்சர் போனதற்குக் காரணம் அங்கேகூட இருக்கலாம்.

கேள்வி: மூன்று மாத இன்டர்ன்ஷிப். உதவித்தொகை கிடையாது, பதிலாகக் கம்பெனியில் பங்கு தருகிறோம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: எழுத்தில் கேளுங்கள். ஸ்டார்ட்அப்களில் பங்குகளை வழக்கமாக 4 ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தருவார்கள், அதிலும் முதல் ஓராண்டு முடியும்வரை ஒன்றும் கைக்கு வராது. அந்தக் கணக்குப்படி மூன்று மாதத்தில் கிளம்புகிறவருக்குக் கிடைப்பது பூஜ்யம். உங்களுக்கு மட்டும் வேறு விதி என்றால் அது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சில் இருந்தால் போதாது.

கேள்வி: சீனியரிடம் சந்தேகம் கேட்கவே பயமாக இருக்கிறது. எப்போதும் பிஸியாக இருக்கிறார்.

பதில்: "அண்ணா, கோட் ஓடவில்லை" என்று மட்டும் அனுப்பினால் யாருக்குமே எரிச்சல் வரும். என்ன செய்ய நினைத்தீர்கள், என்னென்ன முயன்றீர்கள், என்ன எர்ரர் வந்தது என்று மூன்றையும் ஒரே மெசேஜில் எழுதுங்கள். எர்ரரை முழுசாகக் காப்பி செய்து ஒட்டுங்கள், பாதி வெட்டிய ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். அரை மணி நேரம் முட்டிப் பார்த்தும் நகரவில்லை என்றால் கேட்டுவிடுவதே நல்லது, நாள் முழுக்கத் திணறிவிட்டு ராத்திரி சொன்னால்தான் கோபம் வரும். அப்புறம், கிடைத்த பதிலை டீமின் டாக்குமென்ட்டில் சேர்த்துவிடுங்கள். அடுத்த இன்டர்ன் அதே கேள்வியோடு அவரிடம் போக வேண்டியதில்லை.