அந்த மழை இரவு யாருடையது?

மதிப்பிற்குரிய ஐயா,

என் பாட்டி இறந்தபோது எனக்கு ஏழு வயது. அவரைப் பற்றி என்னிடம் எஞ்சியிருக்கும் நினைவுகள் மிகச் சில. அவற்றில் நான் பெரிதும் போற்றியது ஒரு மழை இரவு. விளக்கு அணைந்த வீட்டில் அவர் மடியில் தலைவைத்துக் கதை கேட்கிறேன். இடி இடிக்கும்போதெல்லாம் அவர் கை என் காதைப் பொத்துகிறது. சென்ற மாதம் இதை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அருகிலிருந்த அண்ணன், "அது நான். நீ பிறப்பதற்காக அம்மா மருத்துவமனையில் இருந்த இரவு அது" என்றார். அம்மாவும் அதையே உறுதிசெய்தார். இனி மிஞ்சுவது பாட்டியின் துணி வாசனையைப் போன்ற சில துணுக்குகள்தான். அவற்றையாவது நம்பலாமா? மகளுக்காகப் பாட்டியைப் பற்றி எழுத எண்ணியிருந்தேன். இப்போது கை எழவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு நினைவோடு பாட்டியே கைவிட்டுப் போனதாக நீங்கள் உணர்வது புரிகிறது. ஆகவே ஆறுதலாக ஏதோ சொல்லி நகர மனம் வரவில்லை. அண்ணன் சொல்வதே சரி. தான் பிறந்த இரவு எவருக்கும் நினைவிலிருக்க முடியாது. பெரும்பாலானோரின் முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதை ஒட்டியே தொடங்குகிறது. அதனால் நீங்கள் பொய் சொன்னதாக ஆகிவிடாது. உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் விளக்கியபடி, நினைவுகூர்தல் என்பது சேமித்து வைத்ததை அப்படியே வெளியில் எடுப்பதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது. அந்தக் கட்டுமானத்தில் பிறர் சொல்லக் கேட்டதும் சேர்ந்துவிடுகிறது. 2001-இல் ஷீன், கெம்ப், ரூபின் ஆகிய ஆய்வாளர்கள் இரட்டையர்களிடம் கேட்டறிந்தபோது, ஒரே நிகழ்ச்சியை இருவரில் ஒவ்வொருவரும் தனக்கே நேர்ந்ததாக உறுதிபடக் கூறிய நினைவுகள் வெளிவந்தன. உங்கள் அண்ணன் அந்த இரவைப் பலமுறை சொல்லியிருப்பார். கேட்ட குழந்தை அந்த மடியில் தன்னைப் படுக்கவைத்துக்கொண்டது.

என் பாட்டி தைக்க உட்காரும்போதெல்லாம் என்னை அழைத்து ஊசியில் நூல் கோக்கச் சொல்வார். கோத்துக் கொடுத்ததும், இந்த வீட்டிலேயே உன் கண்தான் கூர்மையான கண் என்பார். அந்தப் பாராட்டை நாற்பது ஆண்டுகள் எனக்கு மட்டுமே உரியதாக வைத்திருந்தேன். அவர் மறைந்து வெகுகாலம் கழித்து, பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுகூடிய ஒரு நாளில், ஏழு பேரும் அதே சொற்களைத் தனித்தனியே பெற்றிருந்தது தெரியவந்தது. முதலில் எனக்கு ஏதோ பறிபோனது போலிருந்தது. வீடு திரும்பும் வழியில்தான், ஏழு குழந்தைகளில் ஒவ்வொருவரையும் தானே அவருக்கு வேண்டியவர் என்று நம்பச் செய்ததோடு, மற்றவருக்குக் கிடைத்ததை ஒருவரும் அறியாதபடி காத்த அந்தப் பெண்மணியின் அருமை விளங்கியது. அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே நினைவுக்கு உரிமை கோருவது எனக்கு இப்போது வியப்பளிப்பதில்லை.

துணியின் வாசனையைத் துணுக்கு என்று ஒதுக்கிவிட்டீர்கள். நான் அதைத்தான் முதலில் நம்புவேன். பார்ப்பதும் கேட்பதும் மூளைக்குள் தலாமஸ் என்னும் பகுதி வழியாகவே அதன் வெளியடுக்கான பெருமூளைப் புறணியை அடைகின்றன. வாசனையோ அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை மிக விரைவில் நெருங்கிவிடுகிறது. வாசனை எழுப்பும் நினைவுகளில் பெரும்பாலானவை வாழ்வின் முதல் பத்து ஆண்டுகளைச் சேர்ந்தவை என்றும் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். இதைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. இடியையும் கதையையும் அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஒரு துணியின் வாசனையை யாரும் சொல்லித் தந்துவிட முடியாது. அது நீங்கள் முகம் புதைத்து அறிந்தது.

ஆகவே எழுதுங்கள். வாசனையை உங்களுடையதாகவும், மழை இரவை அண்ணன் சொன்னதாகவும் எழுதுங்கள். உங்கள் மகள் அதை ஒரு குறையாக எண்ணமாட்டாள். எழுதும் முன் அண்ணனிடம் ஒன்றைக் கேட்டறிய வேண்டும். அன்று பாட்டி இருட்டில் விழித்திருந்தது கதை சொல்வதற்காக மட்டும் இருந்திருக்காது. மருத்துவமனையிலிருந்து வரவேண்டிய செய்திக்காகவும் காத்திருந்திருப்பார். நீங்கள் பிறந்த செய்தி வந்ததும் அவர் என்ன செய்தார், முதலில் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.