கையுயர்த்திவிட்டால் மைதானத்தைக் கொடுத்துவிடலாமா?

திருகோணமலை மாவட்டத்து நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் ஊர் விளையாட்டு மைதானத்தின் ஓரத்தை ஒருவருக்குக் கடை போடக் கொடுப்பதாகக் கிராம அபிவிருத்திச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. பொதுக்கூட்டத்தில் எல்லோரும் கையுயர்த்தினார்கள், இதைவிட என்ன ஜனநாயகம் என்கிறார் தலைவர். பிரதேச சபை உறுப்பினரோ, வாக்குப் போட்டு என்னைத்தானே அனுப்பினீர்கள், முடிவு என்னுடையது என்கிறார். ஜீ.எஸ். (கிராம சேவகர்) ஐயா, அது அரச காணி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யார் சொல்வது செல்லும்?"

ஜீ.எஸ். சொன்னது உண்மையானால் மற்ற இருவர் சொல்வதும் செல்லாது. ஆனால் அவர் வாயால் சொன்னது போதாது, அது எழுத்தில் வர வேண்டும்.

தலைவரின் வாதம்தான் கேட்க மிக அழகாக இருக்கிறது. ஊரே கூடி முடிவெடுப்பது நேரடி ஜனநாயகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கூட்டம் தன் கையில் உள்ளதைப் பற்றித்தான் தீர்மானிக்கலாம். சங்கத்தின் சேமிப்பு, வாடகைக்கு விடும் கதிரைகள், அடுத்த சிரமதானம் எந்த ஞாயிறு என்பதற்கெல்லாம் கையுயர்த்தல் போதும். மைதானம் சங்கத்தின் சொத்தல்ல. கூட்டத்துக்கு வராதவர்களின் பிள்ளைகளும் அங்கேதான் பந்தடிக்கிறார்கள்.

பெரும்பான்மை கிடைத்துவிட்டால் எதையும் செய்யலாம் என்ற நினைப்பு ஊர்ச் சங்கங்களுக்கு மட்டும் உரியதல்ல. இலங்கை கண்ட ஒரே சர்வசன வாக்கெடுப்பு 1982 டிசம்பர் 22 அன்று நடந்தது. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத்தேர்தல் இல்லாமலே இன்னும் 6 ஆண்டுகளுக்கு நீட்டலாமா என்பதுதான் கேள்வி. ஆம் என்று முடிவு வந்தது. மக்களைக் கேட்டே மக்களின் தேர்தலைத் தள்ளிப்போட்டார்கள்! இறைமை மக்களுடையது, அதை யாருக்கும் கைமாற்ற முடியாது என்று அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே இது நடந்தது.

உறுப்பினர் விஷயம் சுருக்கமானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அதிகாரத்தைச் சபைக்குக் கொடுக்கிறது, தனி உறுப்பினருக்கு அல்ல. இப்போதைய கலப்பு முறையில் 60 வீதமானோர் வட்டாரத்தில் வென்றும், 40 வீதமானோர் பட்டியல் வழியாகவும் வருகிறார்கள். உங்கள் ஆள் எந்த வழியில் வந்திருந்தாலும் சபையில் அவருக்கு ஒரு வாக்குத்தான்.

ஜீ.எஸ்.ஸுக்கோ, அவருக்கு மேலே இருக்கும் பிரதேச செயலாளருக்கோ யாரும் வாக்களிப்பதில்லை. அவர்களுடைய அதிகாரம் சட்டத்திலிருந்து வருகிறது. அதனால் எந்தச் சட்டத்தின் கீழ் இதைச் செய்கிறீர்கள் என்று அவர்களைக் கேட்கலாம், அவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும்.

சட்டம் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது என்பேன். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் வைக்காமல், ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே திருகோணமலையில் இருந்து மாகாணத்தை நடத்தும் நிலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்கள் இல்லாமல், அதிகாரிகளின் கையில் ஓடின. அதிகாரிகள் நடத்துவதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது; ஆனால் உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. மக்கள் ஆணை இருந்தது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, உங்கள் மைதானத்துக்கு வருவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் ஊர் அடங்கும் குச்சவெளிப் பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் தனித்தனியாக விண்ணப்பம் கொடுங்கள். காணி யார் பொறுப்பில் இருக்கிறது, கடைக்கு ஏதாவது அனுமதி கொடுத்திருக்கிறார்களா, சபையில் தீர்மானம் எடுத்திருந்தால் கூட்டறிக்கையின் பிரதி, இவ்வளவும் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

அரச காணி என்று பதில் வந்தால் ஆட்சேபனைக் கடிதம் பிரதேச செயலாளருக்குப் போக வேண்டும். சபையின் பொறுப்பில் உள்ளது என்றால் தவிசாளருக்கு எழுதி, அடுத்த அமர்வில் எடுக்கும்படி கேளுங்கள். பதில் வருவதற்குள் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டால் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே படம் எடுத்து, கட்டட அனுமதி உண்டா என்று கேட்டுச் சபையில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.