ஐபோனா, சம்சுங்கா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நிலாவெளியில் ஆறு அறை கொண்ட சிறு விடுதி நடத்துகிறோம். சீசனுக்கு முன் ஆளுக்கொரு போன் வாங்க வேண்டும். கணவர் ஐபோன் என்கிறார், நான் சம்சுங் என்கிறேன். இப்போது வீட்டுக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று என்று நான் இரண்டு போன் தூக்கித் திரிகிறேன். தொழிலுக்கு எது சரி?

பதில்: அக்கா, முதலில் அந்த இரண்டாவது போனைக் கீழே வையுங்கள். சாதாரண வாட்ஸ்அப்பும் 2018இல் வந்த வாட்ஸ்அப் பிஸ்னஸும் ஒரே போனில் வேறு வேறு இலக்கங்களில் ஓடும், ஐபோனானாலும் சம்சுங்கானாலும். வித்தியாசம் சிம்மில்தான். சம்சுங்கில் பெரும்பாலும் இரண்டு சிம்மையும் தட்டிலேயே போடலாம், ஐபோனில் அநேகமாக ஒன்று சிம், மற்றது இசிம், அதாவது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும், கழற்ற முடியாத சிம். இசிம்மில் குறை ஒன்றுமில்லை, ஆனால் போன் திருத்தக் கொடுத்த அன்று சிம்மைக் கழற்றி மகனின் பழைய போனில் போட்டு புக்கிங்குக்குப் பதில் சொல்ல முடியாது. ஆடி மாதம் ஆறு அறையும் நிறைந்திருக்கும்போது இது சின்ன விஷயமா?

விருந்தினர்களின் பாஸ்போட் படங்கள் உங்கள் போனில் கிடக்கும், அதே போனைத்தான் பிள்ளைகள் கேம் விளையாடப் பறிப்பார்கள். சம்சுங்கின் பல மாடல்களில் செக்யூர் ஃபோல்டர் என்று தனிப் பூட்டுப் போட்ட இடம் உண்டு. ஐபோனில் 2024இல் வந்த ஐஓஎஸ் 18 என்ற மென்பொருள் முதல் ஆப்களைத் தனித்தனியே பூட்டலாம்.

எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பதை விலைக்கு முன்னே கேளுங்கள். 2024 ஜனவரியில் வந்த எஸ்24க்கு சம்சுங் ஏழு வருடம் என்று வாக்குக் கொடுத்தது. ஐபோனைப் பொறுத்தவரை 2018இல் வந்த எக்ஸ்எஸ்ஸுக்கும் அந்த ஐஓஎஸ் 18 கிடைத்தது. மெமரி கார்ட் போடும் பழக்கம் இருந்தால் ஒன்று: 2021இன் எஸ்21 முதல் சம்சுங்கின் எஸ் வரிசையில் அந்தத் துளையே இல்லை.

உங்கள் கணவர் புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களைக் கூட்டிப் போகிறவரென்றால் ஐபோன் கேட்பதிலும் நியாயம் உண்டு. வீடியோ நன்றாக வரும், ஐபோன் வைத்திருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு டேட்டா இல்லாமலே, பக்கத்து ஐபோனுக்கு நேரே அனுப்பும் ஏர்டிராப்பில் படங்களை அனுப்பிவிடலாம். ஆனால் காசு ஒரு நல்ல போனுக்குத்தான் காணும் என்றால் உங்களுக்கு சம்சுங் வாங்குங்கள். கணக்கும் புக்கிங்கும் உங்கள் கையில்தானே, அவர் ஒரு வருடம் பொறுக்கட்டும்!

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் தம்பி பாவித்த ஐபோன் 14 அனுப்புகிறேன் என்கிறான். திருகோணமலையில் பாவிக்கலாமா?

பதில்: அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இல் சிம் தட்டே கிடையாது. அந்த வருடம், அதாவது 2022இல் தொடங்கிய வேலை அது. எனவே உங்கள் இலக்கத்தை இசிம்மாக மாற்றித் தருவார்களா என்று உங்கள் கம்பனியிடம் முதலில் கேளுங்கள். அடுத்து, அங்கே தவணைக்கு எடுத்த போனாக இருந்தால் அந்த நாட்டுக் கம்பனியோடு பூட்டிக் கிடக்கலாம். செட்டிங்ஸில் அபௌட் பக்கத்தைத் திறந்து, கரியர் லொக் என்ற வரியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே பேட்டரி ஹெல்த் பக்கத்தையும். 14க்கு அப்பிள் சொல்லும் கணக்கு 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏற்றி இறக்கிய பின் பேட்டரியின் கொள்ளளவில் 80 வீதம் மிஞ்சும், 15க்கு அது 1000 முறை. உள்ளூர்க் கடையில் வாங்குவதென்றால் *#06# அழுத்தி, வரும் 15 இலக்கத்தை, அதாவது அந்தப் போனின் அடையாள எண்ணை, ஐஎம்இஐ என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் இடைவெளி விட்டு அடித்து 1909க்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான போனா என்று தெரிந்துவிடும். காசு கொடுக்கும் முன்பு அனுப்ப வேண்டும், பிறகு அல்ல.

கேள்வி: திருக்கடலூரில் மீன் வியாபாரம். ஐபி68 போன் தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்றான் கடைக்காரன். உண்மையா?

பதில்: தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர்? ஐபி68 என்பது தூசும் தண்ணீரும் புகாமைக்கான தரக் குறியீடு, அதற்கான சோதனை நல்ல தண்ணீரில், அசையாமல் வைத்து நடப்பது. சம்சுங்குக்கு ஒன்றரை மீட்டர் ஆழம், அண்மைய ஐபோன்களுக்கு ஆறு மீட்டர், இரண்டும் அரை மணி நேரம். உப்புத் தண்ணீர் வேறு கதை, சார்ஜ் துளையை அரித்துவிடும். தண்ணீர் புகுந்த போனுக்கு வாரண்டியும் பெரும்பாலும் கிடையாது. நானும் உப்புவெளியில் சட்டைப் பையிலிருந்து ஒன்றைக் கடலுக்குக் கொடுத்தவன், வீட்டுக்கு வந்து அரிசி வாளிக்குள் புதைத்தும் வைத்தேன், அதுவும் பிழை, அரிசித் துகள் உள்ளே போகும். விழுந்தால் உடனே குழாய்த் தண்ணீரில் அலசித் துடையுங்கள், காயும் வரை சார்ஜரைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். வாடிக்குப் போகும்போது மலிவான பட்டன் போன் ஒன்று போதுமண்ணே, நல்லதை வீட்டில் வையுங்கள்.

கேள்வி: பொத்தான் விசைப்பலகைக்காகப் பழைய பிளாக்பெரி ஒன்றை அலுவலகத்துக்கு வாங்கலாமா?

பதில்: பிளாக்பெரியின் சொந்த மென்பொருளில் ஓடிய போன்களுக்கு 2022 ஜனவரி 4 அன்று சேவை நின்றுவிட்டது, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் ஒழுங்காக வரும் என்று நம்ப முடியாது. பின்னால் அன்ட்ரொயிட்டில் வந்த கீவன், கீ2 மாடல்களை அது பாதிக்கவில்லை, ஆனால் அவற்றுக்கும் வயதாகிவிட்டது. ஆசைக்கு வாங்கலாம், அலுவலகத்துக்கு வேண்டாம்.